கேட்டீரா

களியக்காவிளையில்
ரப்பர் ஷீட் கடைக்கு மேல்மாடி.
மாணவர் ஐக்கிய ஜெபம் முடிந்து
கீபோர்டை உறையில் போட்டபின்
மிஞ்சியது ஐந்துபேர்.
அதுதான் எங்கள் கவிதை மன்றம்.

அஜின் வாசித்தான். ஆமென்.
ஷெர்லின் வாசித்தாள். ஆமென்.
பாறசாலை விபின்
மலையாள எழுத்தில் எழுதிவந்த தமிழை
திக்கித் திக்கி வாசித்து
அவனும் ஆமென்.

பெஜிலாவின் தாளில்
பால்வெட்டு இல்லாத நாற்பது நாள் மழை,
அடகுக்குப் போன கம்மல்,
சோற்றுக்குமுன் ஜெபிக்காத அப்பா.
'கேட்டீரா' என்று வாசித்து
நின்றுவிட்டாள்.

காத்திருந்தோம்.
கண்மூடிக்கொண்டுதான்
கவிதை கேட்டிருக்கிறோம் என்பது
அப்போதுதான் தெரிந்தது.

கீழே ஷட்டர் இறங்கும் சத்தம்.

"மிச்சம் எங்க?" என்றான் அஜின்.
"இவ்வளவுதான்."

விபின் பேனா கேட்டான்.
தன் தாளில் கடைசிச் சொல்லை
அடித்தான்,
வாசிக்கிற மாதிரி ஒற்றைக்கோடு.