ஒரு கை பாக்கெட்டில்

உயர் மின்னழுத்தத்தின் பக்கத்தில் நிற்பவர்
ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்திருக்க வேண்டும்.
அர்வேட் எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறான்:
இரண்டு கையும் தொட்டால்
நடுவில் இருப்பது இதயம்.

கிரைஃப்ஸ்வால்ட். பிப்ரவரி. இரவு பதினொன்றரை.
ரிக் ஆறு கடலில் கலக்குமிடத்தில் மொண்டுவந்த நீர்
கண்ணாடித் தட்டில்; பாதி ஆறு, பாதி பால்டிக்.
அதற்கு நாலு மில்லிமீட்டர் மேலே
ஒரு டங்ஸ்டன் ஊசி.

ஊசிக்கும் நீருக்கும் நடுவே
ஊதாத் தண்டொன்று நிற்கிறது.
நெருப்பில்லை, புகையில்லை,
அரிசிமணி உயரத்துக்கு ஒரு மின்னல்,
போக மறந்தது.
அது நீரைத் தொடும் இடத்தில் ஒரு வளையம்.
வளையம் உடைகிறது. பதினொரு புள்ளிகள்.
புள்ளிகள் சுற்றுகின்றன.
மறுபடி எண்ணுகிறேன், பன்னிரண்டு.
எங்கள் சமன்பாடு ஒன்பது என்கிறது.
தண்ணீர் எங்கள் சமன்பாட்டைப் படித்ததில்லை.

மேலே ஒளி குடிக்கக் குடிக்க
கீழே நீர் இறங்குகிறது, இடைவெளி வளர்கிறது.
நாலு நிமிடத்துக்கு ஒருமுறை
பிளாஸ்டிக் தலைவைத்த திருகாணியைக்
கால் சுற்று திருப்ப வேண்டும். வலது கை.
இடது கை பாக்கெட்டில்.
பாக்கெட்டில் போன் அதிர்கிறது.

கீழ்வீட்டு லுட்கே. எடுக்காமலே தெரியும்.
மாலையில் துணி போட்டுவிட்டு வந்தேன்;
அந்த இயந்திரத்தின் குழாய் கசிவதும்
மூன்று வாரமாகத் தெரியும்.
ஒரு தண்ணீரைக் காவல் காக்கிறேன்,
இன்னொன்று என் தரை வழியே
அவர் கூரைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.
ஏழாவது அழைப்பு. கால் சுற்று.

நள்ளிரவில் நிறுத்தி, துருவம் மாற்றி, மீண்டும் மூட்டினேன்.
புள்ளிகள் போயின.
இப்போது நீர்தான் கொடுக்கும் பக்கம்;
கண்ணுக்குப் படாத துளிகளை மேலே எறிய எறிய
ஊதா, மஞ்சளாகிறது.
உப்பு. இத்தனை நேரம் சும்மா கிடந்த உப்பு.
ஒரு தட்டுக் கடல் தெருவிளக்குபோல் எரிய
என் விரல்கூட மஞ்சள்.
நீர் புளித்திருந்தது. மானி மூன்றரை காட்டியது.

எல்லாம் அணைத்து, நிலத்தோடு இணைத்து,
அதன்பிறகுதான் கையை வெளியே எடுத்தேன்.

"வீப்கே, விளக்குக்குள் உன் தண்ணீர்.
படார் என்று ஒரு பொறி. வீடே இருட்டு.
மெழுகுவத்தியோடு உட்கார்ந்திருக்கிறேன்."
மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும் முதலில்.
"என்ன நிறம்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன்.
யோசித்தார்.
"நீலம்... இல்லை. ஓரத்தில் பச்சை."
செம்புக் கம்பி, என்றேன்.
"அழகாகத்தான் இருந்தது" என்றார்,
"வாளி கொண்டு வா."

குறிப்பேட்டில் நிறம் என்ற பத்தியில்
ஊதா, மஞ்சள்,
அதன்கீழ் பென்சிலால்: பச்சை. ஒரு முறை. கீழ்வீடு.
இடைவெளி தெரியவில்லை.