நாலு நூல்

மணலில் மாட்டுகிறதென்று
கீழக்கரை ஜகுபர் பட்டறையில்
பின்னால் ரெண்டு கமான் பட்டை கூடுதலாக வைத்து
முன்னால் கட்டை கொடுத்து
பெரிய டயரும் மாட்டி
வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான் நம்புராஜ்.
ஏறி உட்கார எனக்கு முக்காலி வேண்டும்.
"இனிமே எந்தக் கரையிலயும் இறங்கும்" என்றான்.
வீட்டுக்குள் நுழையுமா என்று நான் கேட்கவில்லை.
தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

ஷட்டர் உத்தரம், ஏழடி.
பின்கூட்டின் மேல்கம்பி, ஏழடி ரெண்டரை அங்குலம்.

தெருவில் விட்டால் என்ன என்பீர்கள்.
முந்தின வண்டியைத் தெருவில்தான் விட்டிருந்தோம்.
வாடை ஒரு பக்கம் தின்றது,
கச்சான் மறுபக்கம்.
தவணை முடிய எட்டு மாதம் இருக்கையில்
கதவைத் திறந்தால்
கதவு கையோடு வந்தது.

சேகு கொத்தனார் உத்தரத்தைத் தட்டிப் பார்த்தார்.
"மாடியே இதுலதான் நிக்குது. தொட்டா அம்பதாயிரம்."
தரையைத் தோண்டலாமா?
தோண்டினோம்.
ஒரு முழத்தில் தண்ணீர் ஊறியது.
விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.
"கடல்" என்றார்,
மண்ணைத் திரும்பத் தள்ளி மூடினார்.
கூலி வாங்கவில்லை, டீ மட்டும்.

ஐஸ் யோசனை என்னுடையது.
விடியலில் எப்படியும் ஏற்றுவதுதானே,
முந்தின ராத்திரியே ஏற்று.
இருபது பார், ஒரு டன்.
சாக்கு போட்டு மூடியதும்
கமான் முனகிக்கொண்டு உட்கார்ந்தது.
வா, வா, ஒடி, இன்னும் ஒடி, நேரா விடு.
போய்விட்டது!
கம்பிக்கும் உத்தரத்துக்கும் நடுவே
என் சுண்டுவிரல் நுழைந்தது,
மோதிர விரல் நுழையவில்லை.
கொத்தனார் கணக்கில் நாலு நூல்.
அன்று கணவாய் பிரட்டினேன்.

ராத்திரி முழுக்க
ஷட்டருக்கு அடியில் ஏதோ ஒழுகிக்கொண்டிருந்தது.
கேட்டது. கேட்டும் புரியவில்லை.
பட்டை பட்டையாக அது
நிமிர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

மூன்றரை மணி.
ரிவர்ஸ் எடுத்தான்.
உத்தரத்திலிருந்து சிமெண்டுப் பொருக்கு உதிர்ந்தது.
முன்னால் போனான், பின்னால் வந்தான்,
மறுபடி பொருக்கு.
டயரில் காற்றை இறக்கு என்றேன்.
"ஒரு டன் பாரத்தோட எட்டு மைல் ரோடு" என்றான்,
என்னைப் பார்க்காமல்.
ஐந்துக்கு வல்லம் கரை பிடித்துவிடும்.

அப்போதுதான் பாசி எடுக்கிற பெண்கள்
ஷேர் ஆட்டோவுக்காகத் தெருமுனைக்குப் போனார்கள்.
விரல்களில் துணி சுற்றியிருந்தது,
துடுப்புக்குக் கட்டும் அலுமினியத் தட்டு
இடுப்பில் இடித்துக்கொண்டு வந்தது.
"ஏறுங்கக்கா" என்றேன்.
"எங்க போகுது?"
"எங்கயும் போகல. வெளிய."

களஞ்சியம் முதலில் சிரித்தாள், பிறகு ஏறினாள்.
பூமயில் ஏறினாள், ராக்கு ஏறினாள்.
சாக்கின் மேல், ஐஸின் மேல், குந்தி உட்கார்ந்து
"யாத்தே, குளுருது" என்றார்கள்.
கம்பி இன்னும் உரசியது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.
நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு
முக்காலியில் கால் வைத்து
நானும் ஏறினேன்.

உத்தரம் எங்கள் தலைக்கு மேல் ஊர்ந்து போனது,
ஊர்ந்து,
பிறகு அங்கே நட்சத்திரம் இருந்தது.

நான் மட்டும் இறங்கினேன்.
"கடலுக்குத்தானே போற, அங்கன விட்டுரு" என்று
அவர்கள் இறங்கவில்லை.
வண்டி நகர்ந்த பிறகு
களஞ்சியம் திரும்பிக் கத்தினாள்:
"நாளைக்கும் இதே நேரமா?"

பகலில் வண்டி உடைமரத்தடியில் நிற்கிறது.
பொழுது சாய்ந்தால் ஐஸ், பிறகு வீடு.
ஷட்டர் உள்சுவரில்
தையல் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன்:
களஞ்சியம் 54,
பூமயில் 47,
ராக்கு 61, மழை நாளில் வரமாட்டாள்.
என் பெயரும் இருக்கிறது.
அதற்கு நேரே எண் எழுதவில்லை.