மூடி, நீலம்

பாசலில், தொலைந்த பொருட்கள் அலுவலகத்தில்
பதினொரு வருடமாக வேலை.
போன செவ்வாய் மட்டும் நாற்பத்திரண்டு குடைகள்.
ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதினேன்:
கறுப்பு, மூங்கில் பிடி, ஒரு கம்பி வளைந்தது,
ஆறாம் இலக்க ட்ராம், பின்பெட்டி, ஈரம்.
குடை என்று மட்டும் எழுதினால்
அது யாரிடமும் திரும்பப் போகாது.

என்னைப் பற்றியும் அப்படித்தான் எழுதினேன்,
தவமலர் மாமிக்கு, இரண்டு மாதம் முன்பே:
சாமத்திய வீட்டுக்கு வருவேன். ஒரு மணித்தியாலம் இருப்பேன்.
கதவுக்குப் பக்கத்துக் கதிரை வேண்டும்.
ஒலிபெருக்கிக்கு முன்னால் இருத்த வேண்டாம்.
கட்டிப்பிடிக்க வேண்டாம். கை கூப்பினால் போதும்.
மாமி ஒரு இதயமும் இரண்டு சிரிப்பும் அனுப்பினா.
சம்மதம் என்று நினைத்துவிட்டேன்.

பிரட்டெல்னில், டயர்க் கடைக்கும் தளபாடக் கிடங்குக்கும் நடுவே
அந்த மண்டபம்.
என் கதிரையில் யாரோ சாம்பார் வாளியை வைத்திருந்தார்கள்.
மேளம் பல்லுக்குள் அடித்தது.
பின்னாலிருந்து இரண்டு கைகள்.
வளையல் முதலில், பிறகு பவுடர் மணம்,
பிறகு என் குரல், "விடுங்கோ!" என்று,
மேளம் நின்ற அதே கணத்தில்.

முந்நூறு பேர்.

"என்ன பெருமை பாருங்கோ."
"நிலாந்தினி சுவிஸ்காரி ஆயிட்டா."
அந்தக் கைகளுக்குரியவ மட்டும் மெதுவாகக் கேட்டா:
"நான் தொட்டால் தீட்டோ, பிள்ளை?"

வேலையில் வேறு கதை.
"கண்ணைப் பார்த்துக் கதைக்காமல் இருப்பது
உங்கள் பண்பாட்டில் மரியாதை, இல்லையா?"
நல்ல மனதோடு கேட்டா திருமதி சூர்புகன்.
இல்லை என்றேன், எனக்கு மட்டும் உள்ளது என்றேன்.
தலையாட்டிவிட்டு,
அடுத்த பயிற்சி வகுப்பில் தமிழர் மரியாதை என்றே சொன்னா.
அங்கே நான் சுவிஸ். இங்கே நான் தமிழ்.
நான் எழுதிய சீட்டை மட்டும்
யாரும் வாசிக்கவில்லை.

வியாழக்கிழமை என் மேசைக்கு முன்னால் புனிதவதி அக்கா.
அதே வளையல்கள்.
அவவுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் அடையாளம் தெரிந்தது.
தொலைந்தது: சாப்பாட்டுப் பெட்டியின் மூடி.
பெட்டி அல்ல. மூடி.
"நிறம்?"
"நீலம். ஒரு மூலை அடுப்பில் உருகினது."

தட்டுகளுக்குள் தேடியபடி சொன்னேன்,
பொருட்களைப் பார்த்துக்கொண்டால்தான் எனக்குக் கதைக்க வரும்:
தீட்டு இல்லை, அக்கா. உங்களை என்று இல்லை.
அம்மாவையும் அப்படித்தான்.
எதிர்பாராமல் தொட்டால் எனக்குத் தோல் முழுக்கச் சத்தம்.
சொல்லிவிட்டுக் கை கொடுத்தால் சில நாள் முடியும்,
சில நாள் முடியாது.

அவ கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, ஊரில் ஒரு கிணற்றடி,
தன் வாளியைக் காலால் தள்ளி வைத்தவர்கள்,
என்று தொடங்கி, நிறுத்தினா.
நான் திரும்பிப் பார்த்தேன்.
அதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
என் "விடுங்கோ" எங்கே போய் விழுந்திருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

"அப்ப போர்வை?" என்றா திடீரென்று. "போர்வை போர்ப்பியோ?"
"பாரமானது என்றால் நல்லம். ஒன்பது கிலோ."
"அது அரிசி மூட்டையடி!"
சிரித்தா. நானும் என்று நினைக்கிறேன்.

நீல மூடி ஒன்று கிடைத்தது.
நான்கு மூலையும் உருகாமல்.
"பரவாயில்லை, பொருந்தும், தா."
"தர ஏலாது. இது வேறு ஆளின்ரை."
"ஒரு மூடிதானே, பிள்ளை!"
"ஏலாது, அக்கா."

பையைத் தோளில் போட்டுக்கொண்டு,
நீட்டிய கையைப் பாதியில் மடக்கிக் கூப்பிவிட்டு,
"நீ சரியான ஆள்தான்" என்று சொல்லிப் போனா.
ஏச்சா, பாராட்டா, இன்னும் தெரியவில்லை.

சீட்டில் எழுதினேன்:
மூடி, நீலம், ஒரு மூலை உருகியது.
இன்னும் வரவில்லை.