கழித்தல் குறி

காலாப்பட்டுக் கடலில் மொண்ட தண்ணீர்
கண்ணாடித் தொட்டியில்.
கேனின் மண்ணெண்ணெய் வாடை இன்னும் போகவில்லை.

இரண்டு பச்சைக் கதிர்கள்
குறுக்கிடும் இடத்தில்
எள்ளைவிடச் சின்னதாய்
வெளிச்சக் கோடும் இருட்டுக் கோடுமாய்
ஒரு பாய் விரிகிறது.
வண்டல் துகள் அதைத் தாண்டும்போது
மினுக், மினுக், மினுக்.
எண்ணினால் வேகம்.

வந்தது: நொடிக்கு நான்கு சென்டிமீட்டர்.

"தெண்டியா, வன்னியா?"
பம்ப் ரிப்பேருக்கு வந்த அமலோற்பவநாதன் கேட்டார்.
ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பியின் பைபர் போட்டில்
வலைக்குப் போகிறவர்.

திரை சொல்லவில்லை.
தெற்கிலிருந்து வந்தாலும் வடக்கிலிருந்து வந்தாலும்
அதே கோடு, அதே மினுக்கல்.
மூன்று மாதமாய் நான் எழுதிய நோட்டில்
ஒரு கழித்தல் குறிகூட இல்லை என்பது
அப்போதுதான் உறைத்தது.

அன்றிரவே நசீமா
ஒரு கதிரின் வழியில் படிகம் ஒன்றை வைத்தாள்.
நாற்பது மெகாஹெர்ட்ஸ் நடுக்கம்.
பாய் நகரத் தொடங்கிற்று,
பார்க்க அப்படியே கிடந்தது.
இனி எதிர்த்து வரும் துகள் கூடுதலாய் மினுக்கும்,
கூடவே ஓடுவது குறைவாய்.
சும்மா நிற்பதும் மினுக்கும்:
நிற்கிறேன் என்று சொல்ல
அதற்கும் ஓர் எண் கிடைத்துவிட்டது.

விடியற்காலை பம்ப்பைத் திருப்பிப் போட்டோம்.
கழித்தல் நான்கு புள்ளி ஒன்று.

"வன்னி," என்றார் அவர், திரையைப் பார்க்காமல்.
பிறகு யாரையும் கேட்காமல் ஸ்விட்சை அணைத்தார்.

பூஜ்யத்துக்காகக் காத்திருந்தோம்.
டீ ஆறிற்று.
தொட்டிக்குள் ஏதோ இன்னும்
மெல்ல,
கழித்தல் பக்கமாகவே.