உடைந்த ஊசிப் பதிவேடு

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிக் கிடந்தால்
எட்டரை மணி ஷிப்டில் அரை நாள் சம்பளம் போகும்.
அந்தக் கம்பெனியில் ஊசிக்காரி நான்.
குத்துகிறவள் இல்லை, கொடுக்கிறவள்.

ஒடிந்ததைக் கொண்டுவந்து
ஒரு துண்டு விடாமல் மேசைமேல் வைத்தால்தான்
புது ஊசி.
துண்டுகளைப் பொருத்தி, செலோடேப்பில் ஒட்டி,
தேதி, லைன், மிஷின் நம்பர், பெயர், கையெழுத்து.
சேரவில்லையென்றால் லைனையே நிறுத்திவிடுவார்கள்.
எங்கேயோ ஒரு நாட்டில்
எந்தக் குழந்தையின் கழுத்துப்பட்டையிலும்
அது போய் உட்கார்ந்துவிடக் கூடாதாம்.
நியாயம்தான்.

வீட்டுக்குப் போனாலும் அந்தச் சொல் விடாது.
காசிமேட்டில் ஏலம் எடுக்கிற என் நாத்தனாருக்கு
ஊசி என்றால் கணவாய்.
"ஊசி இன்னிக்கு ஏறிக்கீது அண்ணி" என்பாள்,
விலையைச் சொல்கிறாள்.
நாய் கடித்த என் மகனுக்கு ஸ்டான்லியில்
இன்னும் இரண்டு பாக்கி;
பேரெடுத்தாலே கட்டிலுக்கடியில் போய்விடுகிறான்.
மே மாதத்து மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால்
சாம்பார் சாதம் ஊசிப்போயிருக்கும்.
சோறு எப்படி ஊசியானது என்று தெரியவில்லை,
மூக்கில் ஏறுவதாலோ என்னவோ.

நாலாம் லைன் ஜெசிந்தா, காலர் வைக்கிறவள்,
ஒரு திங்கட்கிழமை மாடியேறினாள்.
தயாளன் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பதை,
தையல் பார்க்கிற சாக்கில் குனிவதை,
கையை எங்கே வைத்தான் என்பதை
ஒரு பக்கம் எழுதியிருந்தாள்.
துணைக்கு நான்.
மேனேஜர் படித்தார். நாலாக மடித்தார்.
"ஊசி இடம் கொடுக்காம நூல் நுழையுமாம்மா?"
ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

படியிறங்கும்போது அவள் பேசவில்லை.
எனக்குள்தான் ஓடியது.
இருபத்திரண்டு வருஷமாக ஊசியைப் பார்க்கிறேன்,
ஒரு ஊசியும் இடம் கொடுத்து நான் பார்த்ததில்லை.
காதென்று பேர் வைத்துக்கொண்டு
அது பாட்டுக்குக் கிடக்கும்.
நூலும் தானாக நுழைந்ததில்லை.
எச்சில் தொட்டு, முறுக்கி,
வெளிச்சத்துக்கு நேரே தூக்கி,
ஒரு கண்ணைச் சுருக்கி
உள்ளே தள்ளுவது ஒரு கை.
அந்தப் பழமொழியில் கையைக் காணோம்.
யாரோ பத்திரமாக எடுத்துவைத்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை நாலாம் லைனில் ஊசி ஒடிந்தது.
ஜெசிந்தா இரண்டு துண்டு கொண்டுவந்தாள்.
முனை இல்லை.

மிஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின.
காந்தம் வந்தது, டார்ச் வந்தது.
அறுபத்து மூன்று காலர்களைப் பிரித்தோம்.
தயாளன் முட்டி போட்டு
மேசைகளுக்கடியில் தவழ்ந்துகொண்டிருந்தான்.
மேனேஜரே கீழே இறங்கி
குப்பை டிரம்மைக் கவிழ்க்கச் சொன்னார்.
கன்டெய்னர் விடிவதற்குள் ஹார்பருக்குப் போயாக வேண்டும்.
இரவு பதினொன்றே காலுக்கு
எண்ணெய்த் தட்டில் கிடைத்தது,
எறும்புத் தலை அளவு.
கைதட்டினார்கள். டீ வாங்கித் தந்தார்கள்.

எறும்புத் தலைக்கு இத்தனை பேர்.

எல்லாரும் போன பிறகு மூன்று துண்டையும் ஒட்டினேன்.
வெளிநாட்டு ஆடிட்டர் வந்தால்
மற்ற நோட்டுகளை அட்டையோடு மூடிவிடுவார்,
இதை மட்டும் பக்கம் பக்கமாகப் புரட்டுவார்.
ஜெசிந்தா நகல் ஒன்று வைத்திருந்தாள்.
மடிப்பை நீவி, அடுத்த பக்கத்தில் வைத்து
நான்கு மூலையிலும் டேப் போட்டேன்.
தேதி. லைன் நாலு. மிஷின் நம்பர் பதினேழு.
'கிடைக்காத பகுதி' என்ற கட்டம் காலியாக இருந்தது.

கை, என்று எழுதினேன்.
கீழே என் கையெழுத்து.

வெளியே கேட் மூடியிருந்தது,
பெட்ரோல் டேங்கர் வண்டி ஒன்று
முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது.
நாங்கள் இரண்டு பேரும் நின்றோம்.