மேற்படி

காவ, பிறகு ஒரு துளை, பிறகு காரன.
புள்ளி வைக்காத காலத்துக் கையெழுத்து.
1896 ஆவணி ௴, திருக்கோணமலை விவாகப் பதிவு.
மணமகன் கோணாமலையன், வயது இருபத்திநாலு.
தொழில் என்ற கட்டத்தில்
பூச்சி சரியாக ஒரு எழுத்தைத் தின்றிருக்கிறது,
அல்லது ஒரு எழுத்தின் வாலை மட்டும்.

தில்லையம்பலம் சித்தப்பாவுக்குச் சந்தேகமே இல்லை.
காவல்காரன்.
டொக்யாட் வாசலில் துவக்கோடு நின்ற மனுசன்,
துரைமார் பெயர் சொல்லிக் கூப்பிடுவினமாம்.
துவக்கு எந்தக் கட்டத்தில் எழுதியிருக்கு என்று கேட்டேன்.
அவர் தேத்தண்ணியை ஊதினார்.

ஸ்காபரோவிலிருந்து நிரோஜன் குரல் அனுப்பினான்:
"அக்கா, பழைய எழுத்தில காலும் ரகரமும் ஒரே கோடுதான்.
அது காவ இல்லை, கரவ.
கரவலைகாரன். நாங்கள் கரைவலை இழுத்த ஆக்கள்."
நல்லாய்த்தான் இருந்தது, ஒரு இரவு முழுக்க.
விடிய எழும்பி மறுபடி பார்த்தேன்.
அந்தக் காலத்து லைக்குத் தும்பிக்கை உண்டு.
துளைக்கு மேலே
தும்பிக்கையின் மை ஒரு பொட்டும் இல்லை.

புதன்கிழமை காஸ் சிலிண்டர் மாற்றப் போனேன்.
உவர்மலை ஏற்றத்தில் ஓட்டோ இருமிவிட்டு நின்றது.
"இனி இதை ஆர் காவுறது?" என்றான் பெடியன்.
நான்தான் என்று இடுப்பில் ஏற்றி
நாலு அடி வைத்தபின் நடுரோட்டில் நின்றுவிட்டேன்.
ஒரு மான் வாழைத்தோலை மென்றபடி
என்னைப் பார்த்தது.

காவு.
நாள் முழுக்க வாயில் கிடக்கிற சொல்.
தண்ணி காவினோம், விறகு காவினோம்,
தொண்ணூறில் அம்மா இந்தக் கடதாசியையே
அடையாள அட்டைகளோடு சேர்த்துச் சுற்றிக்
காவிக்கொண்டு ஓடினா.
துளைக்குள் போனது வுவின் வால்.
காவுகாரன்.

கீழ் வரி மணமகளுக்கு.
வேலாத்தை, வயது பத்தொன்பது.
தொழில்: ௸
பூச்சியின் கால் என்று நினைத்து
எத்தனை தரம் இதைத் தாண்டிப் போயிருப்பேன்.
மேற்படி.
துவக்குக் கொடுத்து எந்தப் பெண்ணை
வாசலில் நிறுத்தினான் வெள்ளைக்காரன்?

அப்போது துறையில் கரிக்கப்பல்.
பலகைப் பாலம் அசைய அசைய அவன் ஏற,
பின்னால் கூடையோடு அவள்.
முன்னாலும் இருக்கலாம்.
மாலையில் தகர வில்லைகளை எண்ணிக் காசு,
இரண்டு பேருக்கும் ஒரே கறுப்பில் கை,
அவற்றில் எது எவருடையது என்று...

நிற்பாட்டினேன்.
கரி என்று பதிவில் இல்லை.
உப்பாக இருக்கலாம், நெல்லாக இருக்கலாம்.
சித்தப்பா துவக்கை வைத்த மாதிரி
நான் கூடையை வைக்கிறேன்.

"பொம்பிளையின்ர கட்டத்தை ஆர் கவனிச்சது," என்றார் சித்தப்பா.
"எழுதினவன் அலுத்துப்போய்ச் சும்மா கீறியிருப்பான்."
அதுவும் நடக்கக்கூடியதுதான்.
பூதக்கண்ணாடியை எடுத்து வெளியே வெயிலுக்குப் போனேன்.

மணமகன் வரியிலிருந்தே மை தேய்ந்துகொண்டு வருகிறது.
வேலாத்தை மங்கல்.
பத்தொன்பது அதைவிட மங்கல், நகத்தால் கீறின மாதிரி.
௸ மட்டும் கறுகறுவென்று
கடதாசியின் முதுகுவரை ஊறியிருக்கிறது.

அந்த இடத்தில் பேனையைக் கூட்டில் தோய்த்திருக்கிறார்.
தோய்த்து, விளிம்பில் வழித்து,
எடுக்கிற நேரம் போதும்
தலையை நிமிர்த்தாமலே ஒருத்தியிடம்
"நீ என்ன வேலை?" என்று கேட்க.