வழக்கமாகத் தங்குபவர்

ஓசூர், பாகலூர் ரோடு, புது லேஅவுட்.
கதவெண் 217ஏ.
அந்த ஏ-வுக்குக் கீழே சாக்பீஸில் இன்னொரு ஏ.

"இங்க எத்தனை பேர்?" என்றேன்.
"எப்போ?" என்றாள் பினோதினி,
ஒடியா வாடை அடிக்கும் தமிழில்.

காலை ஷிப்டுக்கு மூவர் கிளம்ப
இரவு ஷிப்டு மூவர் வந்து சாய்வார்களாம்.
மூன்றே பாய்.
சூடு ஆறின நாளே கிடையாது.

படிவத்தில் கட்டம் ஒன்றுதான்.
ஆறு என்று எழுதி முடிக்கையில்
போர்வைக்குள்ளிருந்து, கண் திறக்காமலே, ஒரு குரல்:
"ஏழு, மேடம்.
பென்னாகரத்துப் பொண்ணு ஒருத்தி.
வந்து நாலு நாள், வேலை இன்னும் ஆகல.
பகல்ல மாடிப்படில இருப்பா."

வீட்டுக்காரர் கோபால ரெட்டி
கேட்காமலே தெலுங்கில் கணக்குச் சொன்னார்:
தலைக்கு இரண்டாயிரம், தண்ணீர் தனி.
பக்கத்து மனையில் போன வருஷம் வரை
குடைமிளகாய்க்குப் பசுமைக்குடில்.
பிளாஸ்டிக் போய்விட்டது;
நிற்கிற இரும்பு வளைவுகளில்
நீல யூனிபார்ம்கள் காய்கின்றன,
எண்ணிப் பார்த்தேன், பாதியில் விட்டேன்.

மாடிப்படியில் அவள்.
பெயர் தீர்த்தம்மாள். வயது பத்தொன்பது.
கடைசியாக வசித்த ஊர்?
இடம் பெயர்ந்த காரணம்?
எல்லாவற்றுக்கும் எண் உண்டு, போட்டுக்கொண்டே வந்தேன்.

"உங்களுக்கு எந்த ஊர், மேடம்?"

"அரூர்."
வாய் முந்திக்கொண்டது.
பதினொரு வருஷமாக
ரேஷன் கார்டு, ஓட்டு, கடன், எல்லாம் ஓசூர்.

அவள் சுவரோரம் நகர்ந்து
படியில் பாதியை விட்டாள்.
உட்கார்ந்தேன்.

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன்.
உள்ளே யாரோ பாய் உதறுகிறார்கள்.